கண்ணுக்குள் ஒரு வடிகால்

கண்ணீர் வேறு, கண்ணுக்குள் ஊறும் நீர் வேறு. உள்ளே ஊறும் நீர், ஐரிஸுக்குப் (கண்ணின் நிறமுள்ள வளையம்) பின்னால் உள்ள சிலியரி திசுவில் நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் வரை சுரந்து, ஐரிஸின் நடுத்துளையான கண்பாப்பா வழியாக முன்னறைக்கு வருகிறது. ரத்தக்குழாயே இல்லாத கருவிழிக்கும் (முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற கார்னியா) லென்ஸுக்கும் இதுதான் சாப்பாடு. ஊறுகிற அளவுக்கு வெளியேறவும் வேண்டும். இல்லாவிட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிவிடும்.

கருவிழியும் ஐரிஸும் சேரும் கோணத்தில் இருக்கும் டிரபெக்குலர் வலைதான் முக்கிய வெளிவழி. மைக்ரோஸ்கோப்பில் மூன்று அடுக்கு தெரியும். முதலாவதில் கயிறு கயிறாக இழைகள், அகலமான ஓட்டைகள். அடுத்ததில் தட்டையான தகடுகள், ஓட்டைகளும் சிறியவை. இவற்றைப் போர்த்தியிருக்கும் செல்கள், நீரில் மிதந்து வரும் நிறமித் துகள்களையும் செத்த செல்களின் மிச்சத்தையும் விழுங்கிவிடுகின்றன. ஆனால் நீரோட்டத்துக்கு இந்த இரண்டும் பெரிய தடையே இல்லை.

தடை இருப்பது மூன்றாவதில். தடிமன் 20 மைக்ரானுக்குள்தான். இங்கே தகடுகள் கிடையாது. கூழ் போன்ற பொருளுக்குள் செல்கள் சிதறிக் கிடக்கின்றன. அதை ஒட்டியே, நீரை வாங்கிக்கொள்ளும் ஷ்லெம் கால்வாயின் உட்சுவர். 1830இல் இந்தக் கால்வாயை விவரித்த ஜெர்மன் உடற்கூறியலாளர் ஃப்ரீட்ரிக் ஷ்லெம்மின் பெயர் அது.

எனக்கு இந்தச் சுவர்தான் வியப்பு. ஒற்றை வரிசைச் செல்கள், ஒன்றோடொன்று இறுக ஒட்டியவை. உள்ளிருந்து நீர் தள்ளும்போது செல்கள் கால்வாய்ப் பக்கமாகப் பலூன் போல உப்புகின்றன. மெலிந்த இடங்களில் ஒரு மைக்ரான் அளவில் துளைகள் காணப்படுகின்றன. அழுத்தம் இறங்கினால் உப்பலும் அடங்கிவிடும். கால்வாயில் சேரும் நீர் கண்ணின் வெள்ளைப் பகுதியில் உள்ள சிரைகளுக்குப் போகிறது. மருத்துவர், இந்தக் கோணத்தைப் பார்க்க உதவும் கோனியோஸ்கோப்பி லென்ஸைச் சற்று அழுத்தி வைத்தால், சில சமயம் சிரை ரத்தம் பின்வாங்கி, கால்வாய் சிவப்புக் கோடாகத் தெரியும். அப்போதும் ரத்தம் பொதுவாக முன்னறைக்குள் வராது. உட்சுவர் விடுவதில்லை.

வயதாக ஆக வலையின் செல்கள் குறைகின்றன. திறந்த கோணக் கிளாக்கோமா என்ற கண் நரம்பைக் கெடுக்கும் நோயில் இந்தக் குறைவு இன்னும் அதிகம். சிலருக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் இதே இடத்தில் தடையைக் கூட்டி அழுத்தத்தை ஏற்றிவிடும். கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்துகளில் டிமோலால் நீர் சுரப்பைக் குறைக்கிறது, லடானோபிராஸ்ட் பெரும்பாலும் இந்த வலையை விட்டு வேறொரு பக்கத்து வழியைத் திறக்கிறது. டிரபெக்குலர் வலையின் செல்களையே தளர்த்தும் நெடார்சுடில் அமெரிக்காவில் 2017இல்தான் அனுமதி பெற்றது. என்ன, அதைப் போட்டால் பலருக்குக் கண் சிவந்துவிடுகிறது.