கன்றுக்கு ஊற்றுவது பாலா, வெறும் வெள்ளைத் தண்ணீரா?

போன மழைக்காலத்தில் ஒரு சிறிய பண்ணையிலிருந்து கூப்பிட்டார்கள். ஜெர்சி கலப்புக் கிடாரிக் கன்று, ஒரு மாத வயது. "பத்து நாளா கழியுது டாக்டர், ஊசி போட்டும் நிக்கல" என்றார் வீட்டுக்கார அம்மா. விலா எலும்பு தெரிந்தது, முடி சிலிர்த்து நின்றது, வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தது. மார்புச் சுற்றளவை எடைக் கணக்குத் டேப் வைத்து அளந்தால் 25 கிலோ. பிறந்தபோதே ஏறக்குறைய அவ்வளவு இருந்திருக்கும்.

நாலாம் நாளிலிருந்தே, தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாற்றுப்பால் பவுடர்தான் கொடுத்திருக்கிறார்கள். சொசைட்டிக்கு ஊற்றும் பாலை மிச்சப்படுத்த நினைத்ததில் தவறே இல்லை. நல்ல மாற்றுப்பாலில் கன்று நன்றாகவே வளரும். எப்படிக் கரைக்கிறீர்கள் என்று கேட்டேன். நாள் முழுக்க இரண்டரை லிட்டர், அதற்கு ஒரு டம்ளர் பவுடர். 150 கிராம் இருந்தால் அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பசும்பாலில் லிட்டருக்குச் சுமார் 125 கிராம் திடப்பொருள் இருக்கிறது. பவுடரையும் லிட்டருக்கு 125 முதல் 150 கிராம் கரைத்தால்தான் அது பால். 25 கிலோ கன்றுக்கு உடம்புச் சூட்டைக் காத்து உயிரோடு இருக்கவே தினம் கால் கிலோ பவுடர் வேண்டும். அதற்கு மேல் உள்ளே போவதுதான் வளர்ச்சிக்கு. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்று காலங்காலமாகச் சொல்கிறோமே, அதைச் சரியாகக் கரைத்துக் கொடுத்தாலும் 310 கிராம்தான் வரும். வளர மிஞ்சுவது 60 கிராம். அதனால் முதல் மாதத்தில் ஆறில் ஒரு பங்கு வரை, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறேன். இந்தக் கன்று பசி தாங்காமல் வைக்கோலைக் கடித்திருக்கிறது. பானை வயிறு அப்படி வந்ததுதான்.

அப்புறம் சாக்கைத் திருப்பிப் பார்த்தேன். புரதம் 22 சதவீதம், குறை சொல்ல முடியாது. ஆனால் சேர்மானப் பட்டியலில் முதலில் இருந்தது சோயா மாவு. முதல் மூன்று வாரம் கன்றின் குடல் பால் புரதத்தைத்தான் நன்றாகச் செரிக்கும். சோயா மாவும் மாவுச்சத்தும் செரிக்காமல் இறங்கி, பெருங்குடலில் புளித்துக் கழிச்சலாகும். அதை ஊசி எப்படி நிறுத்தும்? வாங்கும்போது கொழுப்பு நீக்கிய பால் பவுடர், வே பவுடர் (பால் திரிந்தபின் பிரியும் தெளிநீரின் பொடி) என்று முதலில் போட்டிருக்கிறதா பாருங்கள். நார்ச்சத்து எவ்வளவு என்றும் பாருங்கள். பாலில் நார் கிடையாது, 0.2 சதவீதத்தைத் தாண்டினால் தாவரச் சரக்கு கலந்திருக்கிறது. கொழுப்பு 15 முதல் 20 சதவீதம் வரை இருக்கட்டும். விலை குறைவு என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

45 டிகிரி சூட்டில் கரைத்து, கன்றின் உடம்புச் சூடான 39 டிகிரிக்கு வந்ததும் கொடுங்கள். பச்சைத் தண்ணீரில் கொழுப்பு சரியாகக் கலக்காது. சீம்பாலுக்குப் பதிலாக இந்தப் பவுடரை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் கன்று சீம்பால் குடித்தாக வேண்டும். மாட்டின் நான்கு வயிறுகளில் பால் நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்விடுவதால், முதல் வயிறு வளர இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி கன்றுத் தீவனமும் நல்ல தண்ணீரும் வையுங்கள்.

அந்தக் கன்றுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு பத்து நாள் தாய்ப்பாலே கொடுக்கச் சொன்னேன். பிறகு வேறு பவுடர். அடுத்த மாதம் டேப் வைத்தபோது 35 கிலோ. டம்ளர் இருந்த இடத்தில் ஒரு சமையல் தராசு இருந்தது.