கர்ப்பப்பையை எடுத்த பிறகும் கதிர்வீச்சு ஏன்?

கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ நலமாக இருந்துவிட்டு, மீண்டும் இரத்தம் படுகிறது என்று வரும் பெண்களைப் பரிசோதிக்கும்போது, யோனியின் உச்சியில், அறுவை நிபுணர் தையல் போட்ட அதே இடத்தில் கட்டி முளைத்திருப்பதை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த மாதமும் அப்படி ஒருவர் வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில், கதிர்வீச்சு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அவர் மகன் சொன்ன பதில் எங்கள் கதிர்வீச்சுத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம்: “அதான் கர்ப்பப்பையையே எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எங்கே கரண்ட் வைக்கிறது?”

நான் பேசுவது கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றியன்று. கர்ப்பப்பையின் உட்சுவரில், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு தோன்றும் புற்றுநோயைப் பற்றி. இதற்கு முதல் சிகிச்சை அறுவைதான் என்பதிலும், பலருக்கு அதுவே போதும் என்பதிலும் ஐயமில்லை.

ஆனால் “எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது” என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அறுவையில் எடுக்கப்படுபவை கர்ப்பப்பை, கருப்பைவாய், கருக்குழாய்கள், சினைப்பைகள், தேவைப்பட்டால் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகள். யோனி எடுக்கப்படுவதில்லை. கருப்பைவாயோடு சேர்ந்திருந்த அதன் மேல் முனையை வெட்டி, மூடித் தைத்துவிடுகிறார்கள். கர்ப்பப்பையிலிருந்து புறப்படும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அந்த மேல் முனையோடு பின்னிக் கிடப்பவை. அவற்றின் வழியே முன்பே இறங்கிவிட்ட சில புற்று உயிரணுக்கள் தையலுக்குக் கீழே தங்கியிருந்தால், எந்த அறுவை நிபுணரின் கண்ணுக்கும் தெரியாது, அறுவைக்குப் பிந்தைய ஸ்கேனிலும் தெரியாது. “ஸ்கேன் சுத்தமாக இருக்கிறதே” என்று வாதிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்கேனில் தெரியும் அளவுக்குக் கட்டி இருந்தால் அதற்கான சிகிச்சையே வேறு. இங்கே நாங்கள் குறிவைப்பது தெரியாத நோயை. எடுத்துவிட்ட கர்ப்பப்பைக்கு யாரும் கதிர்வீச்சு கொடுப்பதில்லை. அது இருந்த இடத்துக்கும், அதன் அண்டை அயலுக்கும்தான் கொடுக்கிறோம்.

இது ஊகமன்று. நெதர்லாந்தில் 714 பெண்களிடம் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான போர்டெக் ஆய்வில், அறுவைக்குப் பின் கதிர்வீச்சு பெறாதவர்களில் 14 சதவீதத்தினருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் இடுப்புப் பகுதியிலோ யோனியிலோ நோய் திரும்பியது; பெற்றவர்களில் அது 4 சதவீதம் மட்டுமே. திரும்பியவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு யோனியில்தான். அதே ஆய்வில் இரு தரப்பினரின் ஆயுளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இணையத்தில் இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறார்கள். ஆயுள் குறையாததற்கு ஒரு காரணம், யோனியில் மட்டும் திரும்பும் நோயைப் பலருக்குப் பிறகும் குணப்படுத்த முடிகிறது என்பதே. ஆனால் அப்போது உடலுக்கு வெளியிலிருந்து பாய்ச்சும் வெளிக்கதிர்வீச்சு ஐந்து வாரமும், அதன்மேல் யோனிக்குள் கருவி வைத்துத் தரும் உள்கதிர்வீச்சும், மொத்தத்தில் மிக அதிக டோஸும் தேவைப்படும். முதலிலேயே மூன்று அமர்வு உள்கதிர்வீச்சில் முடிந்திருக்கக்கூடிய வேலையை இவ்வளவு பெரிதாக்கிக்கொள்ள வேண்டுமா?

எல்லோருக்கும் கதிர்வீச்சு தேவை என்று நான் சொல்லவில்லை. கட்டி தசைச்சுவரின் உட்பாதியைத் தாண்டாமல், கிரேடு (உயிரணுக்களின் வீரியத்தைக் குறிக்கும் தரம்) 1 அல்லது 2 ஆக, இரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் நுழையாமல் இருந்தால் தொடர் பரிசோதனையே போதும். அவர்களுக்குத் தேவையின்றிக் கதிர்வீச்சு கொடுப்பதும் தவறுதான். வயது அறுபதைக் கடந்திருப்பது, தசைச்சுவரின் வெளிப்பாதி வரை ஊடுருவல், கிரேடு 3 போன்ற காரணிகள் சேரச் சேரத் தேவை கூடுகிறது. கருப்பைவாய்த் திசுவுக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ பரவியிருந்தால் வெளிக்கதிர்வீச்சும், சிலருக்கு அதனோடு கீமோதெரபியும் வேண்டியிருக்கும். இப்போது கட்டியின் மரபணு மாற்றங்களைக் காட்டும் பி53, POLE போன்ற மூலக்கூறு சோதனைகளும் முடிவை மாற்றுகின்றன. இவையனைத்தையும் தீர்மானிப்பது, எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்துத் தரும் பயாப்சி அறிக்கை. இரத்தப்போக்குக்காகச் சிறிய மருத்துவமனைகளில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு, அந்த அறிக்கையை வாங்காமலே ஊர் திரும்புகிறவர்களையும், வாங்கிப் பீரோவில் வைத்துவிடுகிறவர்களையும் என்ன சொல்லித் திருத்துவதென்று தெரியவில்லை. முன்கூட்டியே உட்சுவரிலிருந்து பயாப்சி எடுக்காமல் நேரே அறுவைக்குக் கொண்டுபோகும் சக மருத்துவர்களிடமும் எனக்கு இதே மனத்தாங்கல் உண்டு.

யோனிக்கு மட்டும் கொடுக்கப்படும் உள்கதிர்வீச்சை, அதாவது பிரேக்கிதெரபியை, நினைத்துப் பயப்படுகிறவர்களே மிகுதி. ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, முனை மழுங்கிய, வழவழப்பான உருளை ஒன்றை ஜெல் தடவி உள்ளே வைத்துப் பொருத்துகிறோம். பெரும்பாலோருக்கு மயக்க மருந்து தேவைப்படாது. நாங்கள் வெளியேறிக் கதவை மூடிய பின், இயந்திரத்திலிருந்து மெல்லிய கம்பி முனையில் கதிர்வீசும் சிறு இரிடியம் மணி ஒன்று குழாய் வழியே உருளைக்குள் சென்று, குறிப்பிட்ட புள்ளிகளில் சில விநாடிகள் நின்று, தன் பெட்டிக்கே திரும்பிவிடுகிறது. சில நிமிடங்களில் முடிந்து, அன்றே வீட்டுக்குப் போகலாம். பரவலான ஒரு முறை, 7 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் மூன்று அமர்வுகள். 2010-இல் வெளியான இரண்டாம் போர்டெக் ஆய்வு, தகுதியான பெண்களுக்கு இந்தச் சிறிய சிகிச்சையே போதும் என்று காட்டியது: ஐந்தாண்டில் யோனியில் நோய் திரும்பியது இதில் 1.8 சதவீதம், வெளிக்கதிர்வீச்சில் 1.6 சதவீதம், வயிற்றுத் தொந்தரவோ வெளிக்கதிர்வீச்சில்தான் பல மடங்கு அதிகம்.

வெளிக்கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரமோ அதற்குச் சற்று மேலோ நீளும். ஊர்க் கொடை, கல்யாணம், ஆடி வெள்ளி என்று இடையில் நிறுத்தாதீர்கள். கதிர் பாயும் இடத்தைக் குறிக்க வயிற்றில் போட்ட கோடுகளை மஞ்சள் தேய்த்துக் கழுவி அழிக்காதீர்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்றால் நிறைந்தே இருக்க வேண்டும். குடல் விலகி நிற்பது அதனால்தான். வயிற்றுப்போக்கு வந்தால் நீங்களாக மருந்துக்கடைக்குப் போகாமல் எங்களிடம் சொல்லுங்கள். தலைமுடி இதனால் கொட்டாது. இரு முறைகளிலும் உடலில் கதிர்வீச்சு தங்காது, பேரக்குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். புண் ஆறியதும், அறுவை முடிந்த 6 முதல் 8 வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. செலவை எண்ணித் தயங்குகிறவர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சும் அடங்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை உள்பட அரசு மையங்களிலும் இந்தச் சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுப் பேசாதது. கதிர்வீச்சுக்குப் பிறகு யோனி சுருங்கி, சுவர்கள் ஒட்டிக்கொள்ளக்கூடும். அதைத் தடுக்க, சிகிச்சை முடிந்து சில வாரங்களில், நாங்கள் சொன்ன பிறகு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சில நிமிடங்கள் டைலேட்டரை, அதாவது யோனி ஒட்டாமல் விரித்து வைக்கும் வழவழப்பான கருவியை, பயன்படுத்த வேண்டும். கணவரை இழந்த ஓர் அம்மா, “இந்த வயசுல எனக்கெதுக்குப்பா இதெல்லாம்” என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தாம்பத்தியத்துக்காக மட்டும் அதைத் தருவதில்லை அம்மா. பாதை ஒட்டிக்கொண்டால், தையல் போட்ட இடத்தை எங்களால் பார்க்கவே முடியாது. நோய் திரும்பினாலும் தொடக்கத்தில் தெரியாது. தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். மகள்களே, மருமகள்களே, அம்மாவிடம் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

சிகிச்சைச் சுருக்கத்தைப் பல ஆண்டுகளுக்குப் பத்திரமாக வைத்திருங்கள். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மலத்தில் இரத்தம் கண்டு, வேறொரு மருத்துவர் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் நிலை வந்தால், இடுப்பில் கதிர்வீச்சு பெற்றிருப்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். கதிர்வீச்சு பட்ட மலக்குடலின் முன்சுவரிலிருந்து தேவையின்றிச் சதை எடுத்தால் அந்தப் புண் ஆறாமல் யோனிவரை துளை விழும் ஆபத்து உண்டு.