காலி நாற்காலி கண்ணை மறைக்கும்

நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் தொழில். சின்சினாட்டிப் பக்கம் குடிவந்த பிறகு அமெரிக்கக் கால்பந்து பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால், ஆட்டத்தைவிட ஏப்ரல் கடைசியில் நடக்கும் டிராஃப்ட்தான் பிடித்தது. என்.எஃப்.எல். லீக்கின் 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த மூன்று நாட்களில், என் தொழிலில் நடக்கும் தவறுகளெல்லாம் தொலைக்காட்சியில் நேரலையாக நடக்கும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தில் ஒரு பொறுப்பு மூன்று மாதமாகக் காலி. மேலாளர் தினமும் தொலைபேசியில் நச்சரித்தார். நேர்காணலுக்கு வந்தவர்களில் மிகத் திறமையான பெண்ணை, "நமக்கு வேண்டிய வேலை இவருக்குப் பழக்கமில்லை" என்று அனுப்பிவிட்டு, சுமாரான ஒருவரை உட்கார வைத்தோம். எட்டாவது மாதம் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். எந்தத் தேவைக்காக ஆள் எடுத்தோமோ, அந்தத் தேவையே போய்விட்டது.

2021 டிராஃப்டுக்கு முன் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி நின்றதும் இதே போன்ற இடத்தில்தான். 2020 பருவத்தில் நான்கே வெற்றி. முந்தைய ஆண்டு முதல் தேர்வாக எடுத்த, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. எதிரணியைத் தடுத்து அவரைக் காக்க வேண்டிய முன்வரிசையான லைன் ஓட்டைச் சல்லடை. ஐந்தாவது தேர்வு கையில் இருந்தது; பெனெய் சூவெல் என்ற அருமையான லைன்மேனும் இருந்தார். ஊரில் பாதிப்பேர் அவரைத்தான் எடுக்கச் சொன்னார்கள். அணி எடுத்தது ஜமார் சேஸ் என்ற ரிசீவரை, அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவரை.

"வீடு ஒழுகும்போது சோஃபா வாங்குகிறார்கள்" என்றார் என் அலுவலக நண்பர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் மட்டும் பர்ரோவை எதிரணிகள் 51 முறை தரையில் சாய்த்தன. வழக்கமான ஆட்டங்களுக்குப் பின் வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் டென்னசி டைட்டன்ஸ் ஒரே ஆட்டத்தில் ஒன்பது முறை. இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் ஏழு முறை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தில் இன்னொரு சேதி ஒளிந்திருக்கிறது: அவர்கள் சூப்பர் பவுல் வரை போனார்கள். முதல் பருவத்திலேயே சேஸ் பந்தைப் பிடித்து 1,455 கெஜம் எடுத்தார்.

லைனை அவர்கள் மறந்துவிடவுமில்லை. அதே டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் ஜாக்சன் கார்மனை எடுத்தார்கள். அது தேவைக்காக எடுத்த தேர்வு. அவரால் நிலையான இடத்தைப் பிடிக்க முடியவில்லை. மறு ஆண்டு மார்ச்சில், வேறு அணிகளிலிருந்து வெளியே வந்த அனுபவசாலிகளில் மூன்று லைன்மேன்களைப் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு இதுதான் பாடம்போலத் தெரிகிறது. அவசரத் தேவையை மார்ச் மாதச் சந்தையில் ஓரளவாவது அடைத்துவிட்டால், ஏப்ரலில் கை நடுங்காது. ஆனால் சேஸ் தரத்தில் ஒருவர் மார்ச் சந்தைக்கு வருவது அபூர்வம். வந்தாலும் விலை கண்ணைக் கட்டும்.

அப்படியானால் "இருப்பவர்களில் சிறந்தவரை எடு" என்பதே விதியா? அந்த வாசகத்தை அணி நிர்வாகிகள் ஆண்டுதோறும் மைக் முன் சொல்கிறார்கள். நான் அதை முழுதாக நம்புவதில்லை. சிறந்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்? ஆய்வாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் பல ஆண்டு டிராஃப்டுகளை ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு, நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். அவ்வளவுதான். அணி வீரர்களை வரிசைப்படுத்தி எழுதும் பலகையில் எட்டாவதாகவும் பதினோராவதாகவும் எழுதியிருக்கும் இருவருக்கு நடுவே உண்மையில் வேறுபாடே இல்லாமல் இருக்கலாம். அங்கே தேவையைப் பார்த்து முடிவெடுப்பதில் குற்றமில்லை. எட்டாவது ஆளை விட்டு நாற்பதாவது ஆளுக்குத் தாவுவதுதான் ஆபத்து.

இன்னொரு ஆபத்து, தேவையோடு தன்னம்பிக்கையும் சேர்ந்துகொள்வது. 2017இல் சிகாகோ பேர்ஸுக்குக் குவார்ட்டர்பேக் வேண்டியிருந்தது. மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு, ஒரே ஒரு படி ஏற, கூடுதலாக மூன்று தேர்வுகளைக் கொடுத்து மிட்செல் டிரபிஸ்கியை எடுத்தார்கள். அலெக்ஸ் ஸ்மித் என்ற குவார்ட்டர்பேக் ஏற்கெனவே இருந்த, முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்களை வென்றிருந்த கேன்சஸ் சிட்டி, அவசரம் ஏதுமின்றிப் பத்தாவது இடத்துக்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. அவர் ஏறத்தாழ ஒரு பருவம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு அவர் லீக்கின் தலைசிறந்த குவார்ட்டர்பேக்குகளில் ஒருவரானது ஊரறிந்தது.

சம்பளத்தையும் பார்க்க வேண்டும். 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதியளித்த தொகை மட்டும் 5 கோடி டாலர். 2011இல் லீக்கும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தம் புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டியதும், அந்த ஆண்டு முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு மொத்தமே சுமார் 2.2 கோடி. அதனால் இப்போது, விலை கூடிய இடங்களில் ஆடும் இளைஞர் தேறிவிட்டால் லாபம் பெரிது. இந்தக் கணக்குதான் அணிகளைக் குவார்ட்டர்பேக்கின் பின்னால் ஓட வைக்கிறது.

ஏப்ரல் வந்தால் நண்பர்கள் "நம் அணிக்கு என்ன தேவை?" என்று பட்டியல் கேட்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து யார் யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்வேன். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காதபோது கிரீன் பே பற்றிய சண்டையில் போய் முடியும். 2020இல், லீக் அரையிறுதியில் தோற்றுவந்த அந்த அணிக்கு ரிசீவர் தேவை என்று எல்லோரும் சொல்ல, அவர்கள் நான்கு இடம் மேலேறி 26ஆவதாக ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அணியின் அப்போதைய குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் அந்த ஆண்டும் மறு ஆண்டும் லீக்கின் மதிப்புமிக்க வீரர், லவ் பெஞ்சில். 2020 பருவத்தின் அரையிறுதியிலும் கிரீன் பே ஐந்தே புள்ளியில் தோற்றது. ராட்ஜர்ஸ் போன பிறகு, 2023 பருவத்தின் பிளேஆஃபில் லவ் டாலஸுக்கே சென்று 48-32 என்று வென்று வந்தார். அந்த ஐந்து புள்ளியை ஒரு ரிசீவர் எடுத்திருப்பார் என்கிறார் என் நண்பர். எடுத்திருக்கலாம். 33ஆவது தேர்வு வரை டீ ஹிக்கின்ஸ் என்ற ரிசீவர் இருந்தார். அவரையும் எங்கள் சின்சினாட்டிதான் எடுத்தது.