கார் ஓட்ட எந்த ஷூ? உள்ளங்காலைக் கேளுங்கள்

போன வாரம் விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை இருக்கிறது. கால் வலிக்கிறதே என்று மெத்தென்ற ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்கிக் கொடுத்தேன். நடக்க அருமையாக இருக்கிறதாம், ஆனால் கார் ஓட்டும்போது பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்றே தெரியவில்லை என்கிறார். ஷூவில் கோளாறா, வயதாகிவிட்டதா?"

நல்ல கேள்வி. கடைசிப் பகுதியில் அவருடைய அப்பாவுக்கு வருகிறேன், அங்கே கொஞ்சம் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

நடக்கச் சுகமான ஷூவும் ஓட்டச் சுகமான ஷூவும் ஒன்றல்ல. பல நேரம் இரண்டும் நேர் எதிர். நடக்கும்போது தரையின் அதிர்ச்சி காலுக்கு வரக்கூடாது, அதை விழுங்கத்தான் அவ்வளவு ஃபோம். ஓட்டும்போதோ பெடலில் நடக்கும் சின்னச் சின்ன அசைவுகூட காலுக்கு வந்து சேர வேண்டும், ஏனென்றால் பெடலை யாரும் குனிந்து பார்த்து மிதிப்பதில்லை. பிரேக் பெடல் ஒரு நெம்புகோல், அது தள்ளும் எண்ணெய் பாஸ்கல் விதிப்படி நான்கு சக்கரத்துக்கும் அழுத்தத்தைக் கொண்டுபோகிறது, நடுவில் ஒரு பூஸ்டர் நம் பலத்தைப் பல மடங்காக்குகிறது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: காலில் நடக்கும் சிறு பிழையும் சக்கரத்துக்குப் போகும்போது பெருகிவிடும். அந்தப் பிழையைத் திருத்த மூளைக்கு இருக்கும் முக்கியமான தகவல், கணுக்கால் மூட்டும் உள்ளங்கால் தோலும் அனுப்பும் சேதி.

அந்தத் தோலைப் பற்றித்தான் இன்று எழுத ஆசை. உள்ளங்கால் தோலில் நான்கு வகைத் தொடு உணரிகள் இருக்கின்றன. மெர்க்கல் வகை, அழுத்தம் இருக்கும்வரை விடாமல் சேதி அனுப்பும், விளிம்பையும் மேடு பள்ளத்தையும் கண்டுபிடிப்பதில் கெட்டி. ரஃபினி, தோல் இழுபடுவதைச் சொல்லும். மெய்ஸ்னர், அழுத்தம் மாறும்போது மட்டும் பேசும், விநாடிக்கு 10 முதல் 50 வரையான அதிர்வு அதற்குப் பிடித்தமானது. நான்காவது பாசினி. இத்தாலிய மாணவர் ஃபிலிப்போ பாசினி 1831-ல் ஒரு உள்ளங்கையை அறுத்துப் படிக்கும்போது கண்ணில் பட்டது. ஒரு மில்லிமீட்டர் அளவு, வெறும் கண்ணுக்கே தெரியும், குறுக்கே வெட்டினால் அப்படியே சின்ன வெங்காயம்.

அந்த வெங்காயத்துக்கு ஏன் அத்தனை அடுக்கு? நடுவில் ஒரே ஒரு நரம்பு நுனி, சுற்றிலும் மெல்லிய தோல்களும் இடையிடையே திரவமும். மெதுவாக அழுத்தினால் அடுக்குகள் நழுவிச் சமாளித்துவிடும், உள்ளே இருக்கும் நரம்புக்கு ஒன்றும் தெரியாது. சட்டென்று அழுத்தினாலோ அதிர்ந்தாலோ திரவத்துக்கு விலக நேரமில்லை, அழுத்தம் நேராக நடுவுக்குப் போய்விடும். அடுக்குகளை உரித்துவிட்டு நரம்பை மட்டும் தொட்டுப் பார்த்தபோது அழுத்தம் நீடிக்கும்போது அதன் பதிலும் வெகுநேரம் நீடித்தது! அதாவது பழைய சேதியை வடிகட்டிப் புதிய சேதியை மட்டும் அனுப்பும் வேலையில் பெரும்பங்கை வெங்காயத் தோலே செய்கிறது, மூளை வரை போக வேண்டியதே இல்லை. மெட்டி போட்ட அன்று உறுத்தும், ஒரு வாரத்தில் நினைவே இருக்காது, அதில் இந்த மாதிரி உணரிகளுக்கும் பங்கு உண்டு. 2002-ல் கனடாவில் 104 உள்ளங்கால் உணரிகளின் நரம்புச் சேதியை நேரடியாகப் பதிவு செய்து பார்த்தார்கள், சுமார் 70 சதவீதம் மாற்றத்தை மட்டும் சொல்லும் வகை. நம் பாதம் அடிப்படையில் மாற்றத்தைக் கவனிக்கும் கருவி.

சரி, அழுத்தம் எப்படி மின்சாரமாகிறது? நரம்பு நுனியின் சவ்வில் பீசோ2 என்ற புரதம் உட்கார்ந்திருக்கிறது. மூன்று இறக்கை சீலிங் ஃபேன் மாதிரி வடிவம், சவ்வைக் கிண்ணம் போலக் குழித்துக்கொண்டு இருக்கும். சவ்வு இழுபட்டதும் கிண்ணம் தட்டையாகும், நடுவில் ஒரு துளை திறக்கும், நேர்மின் அயனிகள் உள்ளே பாயும், அதுதான் தொடுதல். இதன் கூடப்பிறந்த பீசோ1-ஐ முதலில் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும்: கலிஃபோர்னியாவில் ஆர்டம் படபூட்டியன் குழுவினர் நுண்ணிய கண்ணாடிக் குழாயால் செல்லைக் குத்தினால் மின் சமிக்ஞை வருகிறதைக் கவனித்து, சந்தேகத்துக்குரிய 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார்கள். கடைசியாக அணைத்த மரபணுவில்தான் செல் மௌனமானது. 2010-ல் வெளியிட்டார்கள், 2021-ல் நோபல் பரிசு. 71 முறை ஒன்றும் கிடைக்காத வேலைக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க ஒரு நாட்டுக்குப் பொறுமை வேண்டும். நாம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை, எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

இப்போது இத்தனை நுட்பமான கருவிக்கும் பெடலுக்கும் நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஃபோமை வையுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைப் பாய்க்கு அடியில் வைத்து மிதித்தால் அது எங்கே இருக்கிறதென்று தெரியும், மெத்தைக்கு அடியில் வைத்தால்? அதே கதைதான். பெடலின் விளிம்பு, அதன் ரப்பர் வரிகள் எல்லாம் சமமாகப் பரவி மெர்க்கலுக்கு ஒரே மாதிரி ஆகிவிடும், வேகமான அதிர்வுகளை ஃபோம் தின்றுவிடும், போதாக்குறைக்கு நீங்கள் மிதிப்பதில் முதல் பகுதி ஃபோம் நசுங்குவதிலேயே போகும். கால் பெடலின் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் தொற்றிக்கொண்டிருக்கிறதா என்பதே மங்கிப்போகும். கிளட்சில் பாதி விட்டுப் பிடிக்கும் அந்த இடத்தைத் தேடித் தடுமாறுவதும் இதனால்தான். விழுப்புரத்து அப்பா சொன்னது முழுக்க நியாயம்.

அப்போ வெறுங்கால் தானே சிறந்தது? உணர்வுக்கு ஆம். ஆனால் திடீரென்று முழு பலத்தோடு மிதிக்க வேண்டி வந்தால் குறுகிய பெடல் பாதத்தின் சதையில் அழுந்தி வலிக்கும், வலித்தால் கால் தானாகத் தயங்கும், நம் ஊர் வெயிலுக்கு வியர்வை வழுக்கல் வேறு. ஓரளவு விறைப்பான மெல்லிய சோல் அந்த பலத்தைப் பாதம் முழுக்கப் பகிர்ந்துவிடும்.

ஹவாய் செருப்பில் பிரச்சினை வேறு. பெரும்பாலான கார்களில் பிரேக் பெடல் ஆக்ஸிலரேட்டரைவிடச் சற்று உயரத்தில் இருக்கும், கால் எழும்பித்தான் போக வேண்டும், தொளதொளவென்ற செருப்பின் முன்பகுதி பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். எனக்கே செங்கல்பட்டு தாண்டி ஒரு முறை மாட்டியது, நல்லவேளை வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது, செருப்பை விடுவிக்க அரை விநாடி என்றால் எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். செருப்பு போட்டு ஓட்டினால் அபராதம் என்ற பேச்சு 2019-ல் பரவியபோது அப்படிச் சட்டப்பிரிவு இல்லை என்று மத்திய அமைச்சர் அலுவலகமே சொல்லிவிட்டது. அபராதம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. இதைவிட மோசம், புது வண்டி லட்சுமி என்று பக்தியோடு செருப்பைக் கழற்றி டிரைவர் காலடியிலேயே விட்டுவிடுவது, அது உருண்டுபோய்ப் பிரேக்குக்கு அடியில் உட்கார்ந்தால் பெடல் இறங்கவே இறங்காது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் வீட்டில் இந்தச் செருப்பை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு இது தாங்குவதில்லை. கழற்றினால் தயவுசெய்து பின்சீட்டுக் காலடியில் போடுங்கள்.

ஹை ஹீல்ஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குதிகாலைத் தரையில் ஊன்றி அதையே கீலாக வைத்துத்தான் ஆக்ஸிலரேட்டரை அளந்து மிதிக்கிறோம், ஊசி முனையில் நிற்கும் கீல் ஆடத்தான் செய்யும். 1963-ல் இத்தாலியில் காருக்கென்றே காப்புரிமை வாங்கிய மொக்கசின் ஷூவில் ரப்பர் குமிழ்கள் வைத்தார்கள். இன்றைய டிரைவிங் ஷூக்களில் குதிகாலின் பின்புறம் வரை ரப்பர் ஏறியிருப்பதும் இந்தக் கீலுக்காகத்தான்.

கடைக்குப் போனால் மாலையில் போங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும். தரையில் ஒரு பேனாவைப் போட்டு முன்பாதத்தால் உருட்டிப் பாருங்கள், பேனா எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்ணை மூடிச் சொல்ல முடிந்தால் அந்த சோல் போதும். என் கணக்கில் முன்பாதத்துக்கு அடியில் ஒரு சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. குதிகால் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், சோல் பாதத்துக்கு வெளியே பிதுங்கக் கூடாது. நீளத்தையும் கவனியுங்கள். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து சில மாதங்கள், 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை ஸ்கேன் செய்து பார்த்தது. நம் பாதம் பொதுவாக அகலம். வெளிநாட்டு அளவில் அகலம் போதாமல் ஒரு அளவு பெரிய ஷூ வாங்குகிறோம், முன்னால் மிஞ்சும் அந்த நீளம்தான் பெடலில் இடிக்கிறது. அகலமான வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு நம் வரிப்பணம் இன்னும் போகட்டும் என்பேன்.

கடைசியாக அந்த அப்பா. பாதத்துக்கு வரும் நரம்புகள்தான் உடலிலேயே நீளமானவை, இடுப்பிலிருந்து விரல் வரை ஒரு மீட்டர் அளவுக்கு. சர்க்கரை பெரும்பாலும் நீளமான நரம்பைத்தான் முதலில் கெடுக்கும், அதனால்தான் விரல் நுனியில் தொடங்குகிறது. மருத்துவமனையில் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் அந்த இழை 10 கிராம் பாரத்தில் வளைந்துவிடும், அதற்கு மேல் தோலுக்குப் போகாது, ஒவ்வொரு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். உணர்வு நன்றாக இருந்தால், மெத்தென்ற ஷூ நடக்க, மெல்லிய சோல் ஷூ ஒன்று காரிலேயே இருக்கட்டும். உணர்வு குறைந்திருந்தால் ஷூவை மாற்றுவது மட்டும் போதாது, தொடர்ந்து கார் ஓட்டலாமா என்பதை மருத்துவர் சொல்லும்வரை சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.