சொல் விளக்கம்: ஏற்றத்தாழ்வு

பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் உள்ள பொருளாதார வேறுபாட்டைப் பேச வந்தால், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் நோட்டீசுகளில் 'ஆகோள அசமத்துவம்' (உலக ஏற்றத்தாழ்வு என்பதற்கான மலையாளச் சொல்) என்று அச்சாகிவிடுகிறது. மலையாளப் படியை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றிய வேலை. அதைப் படிக்கும் தமிழருக்கு பழந்தமிழ்ப் போர் இலக்கணமான வெட்சித்திணையின் ஆகோள், அதாவது மாடு கவர்தல், நினைவுக்கு வந்தால் குற்றம் அவர்மேல் இல்லை. (பொருளும் ஒருவகையில் பொருந்தத்தான் செய்கிறது.)

தமிழில் இதற்கு 'ஏற்றத்தாழ்வு' இருக்கிறது. ஏறு, தாழ் என்ற வினைகளிலிருந்து வந்தது. மலையாளத்தின் 'ஏற்றக்குறச்சில்' இதற்கு உறவு.

அசமத்துவத்தை எடுக்கச் சொன்னால் 'சமத்துவமின்மை' வந்து உட்காருகிறது. முன்னால் இருந்த 'அ' போய்ப் பின்னால் 'இன்மை' சேர்ந்தது, அவ்வளவுதான். சமத்துவம் உரிமையைப் பற்றிய சொல்: சட்டத்தின் முன் சமத்துவம், வாக்கில் சமத்துவம். இங்கே பேச்சோ அளவைப் பற்றியது. வருமான ஏற்றத்தாழ்வை அளக்க இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி 1912இல் வகுத்த குறியீடு 0 முதல் 1 வரை போகும். எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் 0. அந்த எண் இறங்கியதை 'சமத்துவமின்மை குறைந்தது' என்று வானொலியில் வாசித்துப் பாருங்கள். பாதிப் பேர் காதில் 'சமத்துவம் குறைந்தது' என்றே விழும். 'வேலையின்மை குறைந்தது' புரிகிறதே என்பார்கள். வேலை இல்லாதவரைத் தலை எண்ணலாம்; சமத்துவம் இல்லாததை எதைக் கொண்டு எண்ணுவது? 'ஏற்றத்தாழ்வு குறைந்தது' என்றால் யாரும் தடுமாற மாட்டார்கள். 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நிலையான வளர்ச்சி இலக்குகளில் 10ஆவது, நாடுகளுக்குள்ளும் நாடுகளுக்கிடையிலும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது. இதில் 'சமத்துவமின்மையை' நுழைத்து ஒரு மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

'ஏற்றத்தாழ்வு' என்ற சொல்லை விலை மாற்றத்துக்கும் போட்டுக் கெடுப்பவர்களும் உண்டு. ஏலக்காய் விலை இந்த வார ஏலத்தில் ஏறி அடுத்த வாரம் இறங்கினால் அது ஏற்ற இறக்கம். காலத்தோடு மாறுவது அது. ஒரே காலத்தில் இருவருக்கு நடுவே நிற்பதுதான் ஏற்றத்தாழ்வு.

அடுத்த குழப்பம் 'வேறுபாடு'. ஒரு நாட்டில் தலைக்கு ஆண்டு வருமானம் 2,000 டாலர், இன்னொன்றில் 60,000 என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இரண்டும் இரட்டித்தால் 4,000, 1,20,000. மடங்கு 30ஆகவே நிற்கிறது. இடைவெளி மட்டும் 58,000இலிருந்து 1,16,000க்குப் போய்விட்டது. மடங்குக்கும் இடைவெளிக்கும் சேர்த்து 'வேறுபாடு' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், ஒரே பக்கத்தில் வேறுபாடு கூடியது, கூடவில்லை என்று இரண்டையும் சொல்லும்படி ஆகும்.

'உலகளாவிய' என்ற அடையும் இப்படித்தான். நாட்டுக்கு ஒரு சராசரி வருமானம் என்று எடுத்தால் சீனாவும் மாலத்தீவும் ஒரே எடை. மக்கள்தொகைப்படி எடை கொடுத்தால், சீனா வளர்ந்த பத்தாண்டுகளில் நாடுகளுக்கிடையேயான ஏற்றத்தாழ்வு குறைந்ததாகத் தெரியும். நாட்டை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் கணக்கிட்டால் நாட்டுக்குள் இருப்பதும் சேர்ந்துவிடும். மூலத்தில் எது என்று பார்த்த பிறகு 'நாடுகளுக்கிடையே' என்றோ 'உலக மக்களிடையே' என்றோ எழுதலாம். 'உலகளாவிய' என்று போட்டால் எந்தக் கணக்கு என்பதே தெரியாமல் போய்விடும்.