500 யூனிட் கோடும் செட்டிநாட்டுச் சமையலறையும்

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்பு உள்ள எவருக்கும், இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் பிறந்த உத்தரவு இது. விண்ணப்பம், வருமானச் சான்று எதுவும் வேண்டியதில்லை, பில்லிலேயே கழித்துவிடுவார்கள். ஆனால் பயன்படுத்தாத இலவச யூனிட் அடுத்த கணக்கில் சேராது. ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடக்கும் காரைக்குடி, தேவகோட்டை வீடுகளுக்கு இது முக்கியம். ஐப்பசியில் மிச்சமானது தை மாதக் கல்யாணத்துக்கு உதவாது.

2024 ஜூலைக் கட்டணப்படி, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஆக, சரியாக 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய்.

501 ஆனால்? கூடுதல் யூனிட்டுக்கு 8.40 ரூபாய் என்பதோடு விஷயம் முடிவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்த 2.35 ரூபாய்ச் சலுகையும் போய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 கணக்கிடுவார்கள். பில் 2,048.40 ரூபாய். ஒரே யூனிட்டுக்கு 243 ரூபாய்க்கு மேல் கூடுகிறது! பில் கட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விதி இது; பலருக்குத் தெரியாமலிருப்பது எனக்கு வருத்தம்தான்.

இந்தக் கோட்டைத் தாண்டாமலிருக்கச் சமையலறையில் வழி உண்டு. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவாட்டும் கிரைண்டரைக் குறைசொல்ல வேண்டாம். 150 வாட் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலும் யூனிட்டில் ஏழில் ஒரு பங்குதான். 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்போ முழு வேகத்தில் அரை மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்ளும். அதற்காக அதை ஒதுக்கவும் வேண்டாம். இரண்டு பேர் மட்டும் இருக்கும், 200 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டில் எரிவாயுவைவிட இன்டக்‌ஷன்தான் மலிவு. வெளியூர்ப் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து தங்கும் கணக்கில்தான் அது கையைக் கடிக்கும்.

இரவும் பகலும் ஓடும் ஃபிரிட்ஜை மறந்துவிடக் கூடாது. அதன் நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும்; அதை ஆறால் வகுத்தால் ஒரு பில்லில் அதன் பங்கு தெரியும். கதவின் ரப்பர் பட்டையில் ஒரு தாளைச் செருகி மூடுங்கள். தாள் எளிதாக உருவி வந்தால் குளிர் வெளியேறுகிறது, பட்டையை மாற்ற வேண்டும். குழம்பை ஆறவைத்த பிறகே உள்ளே வையுங்கள். அடுப்புக்கு அருகில் ஃபிரிட்ஜை நிறுத்தாதீர்கள். பருப்பை ஊறவைப்பது, மூடிபோட்டு வேகவைப்பது எல்லாம் ஆச்சிகள் அறிந்ததே.

கணக்கெடுப்பவர் வெள்ளை அட்டையில் எழுதிய ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து மீட்டரை நீங்களே பாருங்கள். அதற்குள் 255 யூனிட் ஓடியிருந்தால், அதே போக்கில் மொத்தம் 510 ஆகும். பில் 2,124 ரூபாய். இரண்டாம் மாதம் தினமும் ஒரு யூனிட் அளவுச் சமையலை இன்டக்‌ஷனிலிருந்து எரிவாயுவுக்கு மாற்றினால் 480-ல் நிற்கும். பில் 1,679 ரூபாய். கூடுதல் எரிவாயு மூன்று, மூன்றரைக் கிலோ செலவாகும். அது போகவும் மிச்சம் உண்டு.