அவளுக்குப் போட்டி ஒத்துவராதாம்!

நாகர்கோவிலில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு மேற்படிப்பு ஆலோசனை சொல்வது என் வேலை. ரிசல்ட் வந்த இந்த ஒரு வாரத்தில் இவர் நாலாவது அப்பா, அதே பேச்சு: "அவளுக்குப் போட்டியெல்லாம் ஒத்துவராது டீச்சர், நர்சிங் போதும். பொம்பளப் பிள்ளைக்குப் போட்டி போட, ரிஸ்க் எடுக்க மனசு வராதுன்னு ஆராய்ச்சியிலேயே போட்டிருக்கே, வாட்ஸ்அப்ல வந்துச்சு." பக்கத்தில் மகள் மார்க் ஷீட்டின் மூலையை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள். கணக்கில் 98. அவளைவிட இருபது மார்க் குறைவாக வாங்கிய அண்ணன் ஜேஇஇ கோச்சிங்கில். (நம் மாவட்டத்து நர்ஸ்கள் தனியாக விமானம் ஏறி வளைகுடாவுக்குப் போகிறார்களே, அது ரிஸ்க் இல்லையா?)

அந்த ஆராய்ச்சியை நானும் படித்தவள்தான். 2007இல் நீடெர்லே, வெஸ்டர்லண்ட் என்ற இரண்டு பேராசிரியைகள் அமெரிக்காவில் வெளியிட்டது. ஐந்து நிமிடம் கூட்டல் கணக்கு. ஒவ்வொரு சரியான விடைக்கும் காசு வாங்கலாம், அல்லது நாலு பேரில் முதலாவதாக வந்தால் மட்டும் நாலு மடங்கு. ஆண்களில் 73 சதவீதம் போட்டியை எடுத்தார்கள், பெண்களில் 35. சரி, வித்தியாசம் உண்டு. ஆனால் கூட்டல் போடுவதில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், அந்த வரியை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. அப்புறம், அது சராசரி ஐயா, சராசரி! நூறு பெண்களில் 35 பேர் போட்டிக்கு வந்தார்கள், நூறு ஆண்களில் 27 பேர் ஒதுங்கினார்கள். உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று அவளிடம் கேட்காமல் வாட்ஸ்அப்பிடமா கேட்பீர்கள்?

இங்கிலாந்தில் பத்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளிடம், 5 பவுண்டு கையோடு வாங்கிக்கொள், இல்லை காசைச் சுண்டி, விழுவதைப் பொறுத்து 11 பவுண்டோ 2 பவுண்டோ வாங்கிக்கொள் என்று கேட்டுப் பார்த்தார்கள். பெண்கள் பள்ளி மாணவிகள் பையன்கள் அளவுக்கே துணிந்தார்கள். மேகாலயாவில் சொத்து தாய்வழி இறங்கும் காசி (Khasi) பழங்குடி மக்களிடம் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாகப் போட்டியைத் தேர்ந்தார்கள். ஒருகாலத்தில் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் மருமக்கள்வழி பார்த்த இந்த நாஞ்சில் நாட்டில் உட்கார்ந்து இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது.

அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு, "நீ சொல்லு மக்ளே" என்றேன். "அண்ணன் போற கோச்சிங்ல இன்னும் இடம் இருக்குமா டீச்சர்?"

மகனிடம் கேட்கும் கேள்வியை மகளிடமும் கேளுங்கள். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். "பயமா இருந்தா விட்டுரு" என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அவளாகவே வேண்டாம் என்றால் சரி, மகன் சொன்னாலும் அதே சரி. தயவுசெய்து அவள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள், முடியாவிட்டால் என் ஆபீசுக்கு எதிரே டீக்கடை இருக்கிறது.